கிழங்கில் பிறந்த மாத்திரை

கொடைக்கானல் என்றதும் நமக்கு ஏரி, குணா குகை, சாக்லேட். ஆனால் அந்த ஊர் உருவானதே நோய்க்குப் பயந்துதான். மதுரையில் காய்ச்சலுக்குத் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் மலையேறி முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அதே பழனி மலைக் காடுகளில் பளியர்கள் காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டிச் சாப்பிட்டு வந்தார்கள். (சர்க்கரைவள்ளி இல்லை நண்பர்களே, அது வேறு குடும்பம்.) அந்தக் கிழங்கின் தூரத்துச் சொந்தம் ஒன்று உலக மருந்துச் சந்தையையே புரட்டிப் போட்டது. இன்றைய பதிவு அதைப் பற்றித்தான்.

ஸ்டீராய்டு என்றதும் ஜிம் பசங்க ஊசி ஞாபகம் வரும். நான் சொல்வது அது இல்லை. ஆஸ்துமா, மூட்டுவாதம் என்று டாக்டர் எழுதித் தரும் பிரெட்னிசோலோன் வகை.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து கடைத்தெருவுக்கே போய் வந்தார்! 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

இனி காமர்ஸ்காரன் கண்ணுக்குப் படுவது விலை. 1949இல் ஒரு கிராம் 200 டாலர். மாட்டின் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரித்தால் வேறென்ன ஆகும்? ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் அதற்கு முன்பே மெக்சிகோ காட்டு வள்ளிக்கிழங்கின் டயோஸ்ஜெனினிலிருந்து ஹார்மோன் தயாரிக்க வழி கண்டிருந்தார். 1944இல் சின்டெக்ஸ் கம்பெனி தொடங்க அவரும் காரணம். (அடுத்த வருடமே சண்டை போட்டு வெளியேறிவிட்டார், அது தனிக்கதை.) 1951இல் அதே கம்பெனி கிழங்கிலிருந்து கார்டிசோனையும் தயாரித்தது. விலை சரசரவென்று இறங்கியது. நம் பக்கம் இமயமலைக் கிழங்கு இனம் ஒன்றை இதற்காகத் தோண்டித் தோண்டியே அரிதாக்கிவிட்டார்கள். இன்று மாத்திரை ஒன்று ஓரிரு ரூபாய். அதனாலேயே பழைய சீட்டைக் காட்டித் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் ஏராளம்.

மாத்திரை மலிந்தது, சரி. அதோடு சேர்த்துக் கற்க வேண்டிய பழக்கங்கள் அட்டையில் அச்சாகி வருவதில்லையே. கார்டிசோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும் என்பது 1950களிலேயே தெரிந்து, நோயாளிகளுக்கு உப்பைக் குறைத்தார்கள். 1955இல் வந்த பிரெட்னிசோனில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. நம் வீட்டிலோ ஊறுகாய், அப்பளம், கருவாடு! பசி வேறு அதிகமாகும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பால், கேழ்வரகு, கொஞ்சம் வெயில், தினசரி நடை எல்லாம் இதனால்தான். தினம் ஒரு வேளை போடுகிறவர்களைக் காலையில் சாப்பிட்டதும் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசோல் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும், அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், திடீரென்று நிறுத்தாமல் இருப்பது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்தால் உள்ளூர் ஆலை மூடிக்கொள்ளுமே, அதேதான். வாரக்கணக்கில் மாத்திரை வந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சோம்பிவிடும். முகம் உப்புகிறது என்று ஒரே நாளில் விட்டால் ஆலை உடனே ஓடாது. ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பது அதற்காக.

2020 ஜூனில் ஆக்ஸ்போர்டு ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரை டெக்சாமெத்தசோன் காக்கிறது என்றது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்றும் சொன்னது. இரண்டாம் பாதியை யார் கேட்டார்கள்? 2021 இரண்டாம் அலையில் வீட்டிலேயே ஸ்டீராய்டு, கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை, பின்னாலேயே கரும்பூஞ்சை. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

பிரிட்டனில் 2020 முதல் நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஒரு அவசர அட்டை தருகிறார்கள். விபத்தோ வாந்தியோ மயக்கமோ வந்தால் மருத்துவமனையில் அதைப் பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிடும். உங்கள் வீட்டில் யாராவது நீண்டநாளாகப் போடுகிறார்களா? மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர்கள் பர்ஸில் வைத்துவிடுங்கள்.