காரியதரிசித் தொழில்: வீட்டிலிருந்து பயிலுதல்

காரியதரிசி என்றும், அந்தரங்கச் செயலாளர் என்றும், இக்காலத்தில் நிர்வாக உதவியாளர் என்றும் வழங்கப்பெறும் உத்தியோகத்துக்கு வேண்டிய வித்தைகளை, ஆசிரியர் முன் அமர்ந்து கற்காமல், வீட்டில் இருந்தபடியே புத்தகத்தின் துணையாலும் தபாலின் துணையாலும் பின்னர் இயந்திர சாதனங்களின் துணையாலும் கற்றுக்கொள்ளும் வழக்கம் நூற்றெண்பது ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடையது. அவ்வித்தைகளுள் சுருக்கெழுத்து, தட்டெழுத்து, கடிதம் வரைதல், காகிதங்களை ஒழுங்குபடுத்தி வைத்தல் என்பவை பிரதானமானவை. இவற்றுள் முதல் இரண்டும் கைப்பழக்கத்தால் வருபவை. ஆகையால் தனியே அப்பியாசம் செய்வதற்கு ஏற்றவை என்று எவருக்கும் தோன்றும். ஆனால் சொல்பவர் வாய் ஒன்று, திருத்துபவர் கண் ஒன்று, இவ்விரண்டும் வீட்டுக்குள் எளிதில் கிட்டுவதில்லை. இத்தொழிலை வீட்டில் பயின்றோரின் சரித்திரம் முழுவதும் இந்த இரண்டு குறைகளுக்கும் பரிகாரம் தேடிய சரித்திரமே.

தபால் கல்வி தோன்றுமுன் தனியே சுருக்கெழுத்துப் பயின்றவன் பட்ட பாட்டைச் சார்ல்ஸ் டிக்கன்ஸைப்போல் எடுத்துச் சொன்னவர் இல்லை. கர்னி என்பாரது பழைய முறையைப் புத்தகத்தைக் கொண்டே கற்றுப் பாராளுமன்ற நிருபரானவர் அவர். அந்த அனுபவத்தை ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலின் கதாநாயகன்மீது ஏற்றியிருக்கிறார். புள்ளிகளோடும் வளைவுகளோடும் மல்லாடிக் குறிகளை ஒருவாறு மனனம் செய்துவிட்ட அவ்விளைஞனுக்கு, பேச்சை ஓதிக்காட்ட ஓர் ஆள் இல்லாத குறை வந்து சேர்கிறது. அவனுடைய நண்பன் டிராடில்ஸ் இரவுதோறும் வந்து பாராளுமன்றச் சொற்பொழிவுகளை ஆவேசத்துடன் வாசிக்க, அத்தையும் குடும்ப நண்பர் மிஸ்டர் டிக்கும் சபையினராக வீற்றிருக்க, அவன் எழுதித் தள்ளுகிறான்; எழுதியதைத் திரும்பப் படிக்க முயன்றபோது ஒன்றும் விளங்கவில்லை. ஹாஸ்யத்துக்காக எழுதப்பெற்ற பகுதியேயாயினும், சுருக்கெழுத்தில் எழுதுவது பாதி வேலை, எழுதியதைப் படிப்பது மறுபாதி என்ற உண்மை அதில் பொதிந்து கிடக்கிறது. எந்தப் பாடப் புத்தகத்தின் முகவுரையைக் காட்டிலும் அந்த அத்தியாயமே புதிதாகப் பயில்வோருக்குத் தகுந்த எச்சரிக்கை என்பது என் கருத்து.

திருத்துபவர் கண்ணைத் தொலைவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவர் ஐசக் பிட்மன். இங்கிலாந்தின் டிரோபிரிட்ஜ் என்னும் ஊரில் 1813-இல் பிறந்து பள்ளியாசிரியராக இருந்த அவர், ஸ்வீடன்போர்க்கின் சமயக் கொள்கையைத் தழுவிய காரணத்தால் வேலையை இழந்த அதே 1837-ஆம் ஆண்டில், ஒலியை ஆதாரமாகக் கொண்ட தமது சுருக்கெழுத்து முறையை நான்கு பென்னி விலையுள்ள சிறு நூலாகப் பிரசுரித்தார். அதுவரை இங்கிலாந்தில் கடிதம் பெறுபவரே தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூலி கொடுப்பது பெருவழக்காயிருந்தது. ரோலண்டு ஹில்லின் சீர்திருத்தத்தால் 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் கடிதம் தேசத்தின் எம்மூலைக்கும் ஒரு பென்னியில் செல்லலாயிற்று. பிட்மன் அவ்வாண்டிலேயே தமது முறை முழுவதையும் ஒரே தாளில் அடக்கி ஒரு பென்னிக்கு வெளியிட்டு, வேதாகம வாக்கியங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவோருக்குத் தாமே பிழை திருத்தித் திருப்பி அனுப்புவதாகவும் அறிவித்தார். அதற்கு ஊதியம் கேட்கவில்லை. கடிதங்கள் ஒருவர் கையால் சமாளிக்க முடியாதபடி பெருகவே, முன்னரே தேர்ந்தவர்கள் புதியவர்களின் பாடங்களைத் திருத்தித்தரும் சங்கமொன்று 1843-இல் அமைந்தது. தபால்வழிக் கல்வியின் தந்தையெனப் பிட்மனைக் குறிப்பிடும் நூல்களிற் சில, அவர் 1840-இலேயே தபாலட்டையில் பாடம் அனுப்பியதாக எழுதிவிடுகின்றன; பிரிட்டிஷ் தபாலட்டை பிறந்ததோ 1870 அக்டோபரில்.

இம்முறையின் சூக்ஷ்மம் கோடுகளின் தடிப்பில் இருக்கிறது. அதிராத மெய்யொலிக்கு மெல்லிய கோடு, அதே இடத்தில் பிறந்து அதிரும் மெய்யொலிக்கு அதே கோடு தடித்து வரும். உயிரொலிகள் புள்ளியாலும் சிறு கீற்றாலும் குறிக்கப்பட்டு, வேகம் ஏறியதும் பெரும்பாலும் கைவிடப்படும். கோட்டைப் பாதியாகக் குறைத்தால் ஓர் ஒலி சேரும், இரட்டித்து நீட்டினால் வேறோர் அசை சேரும். இங்கேதான் தமிழ் வீட்டில் தனியே உட்கார்ந்து ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பயில்வோருக்கு ஒரு விசேஷமான இடர்ப்பாடு நேர்கிறது. நம் எழுத்தில் வல்லினம் ஒவ்வொன்றும் இரு ஒலிகளுக்கும் பொதுவானது. குண்டூசிக்குரிய ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டிக்குரிய ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’ என்றே முடியும். பிட்மன் முறையிலோ முன்னது மெல்லிய கோடு, பின்னது தடித்த கோடு. காது பிரித்தறியாததைக் கை பிரித்தெழுதாது. ஆகையால் நம்மவர் முதலில் பழக்க வேண்டியது பென்சிலையன்று, செவியை. அதற்குப் புத்தகம் மாத்திரம் போதாது.

தட்டெழுத்து இவ்வளவு பிடிவாதமானதன்று. கிறிஸ்டபர் ஷோல்ஸ் அமைத்த இயந்திரத்தை ரெமிங்டன் கம்பெனி 1870-களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னும் பல ஆண்டுகள், பார்த்துப் பார்த்து இரண்டு மூன்று விரல்களால் தட்டுவதே வழக்கமாயிருந்தது. எல்லா விரல்களையும் கொண்டு, விசைகளை நோக்காமல் அடிக்கத் தாமாகவே பழகிக்கொண்டவர் பிராங்க் மெக்கரின் என்னும் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். 1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டி நகரில் லூயி டிராப் என்பவரோடு நடந்த பந்தயத்தில் அவர் வென்றதும் அந்த முறை பிரசித்தியடைந்தது. இயந்திரத்தைச் சொந்தமாக வாங்க வசதியுள்ளவருக்கு இது வீட்டிலேயே வரக்கூடிய வித்தைதான். எனினும் தவறான விரலால் ஒருமுறை பழகிவிட்டவர் அதை மறப்பதற்குள் புதிதாக மூவர் கற்றுத் தேறிவிடுவர் என்று இன்ஸ்டிடியூட் வாத்தியார்கள் சொல்வதில் மிகை அதிகமில்லை.

வாய் என்னும் குறைக்குப் பரிகாரம் மெல்ல மெல்லவே வந்தது. வீட்டில் படித்த தம்பியையோ தங்கையையோ பிடித்து, கடிகாரத்தை முன்வைத்துப் பத்திரிகைத் தலையங்கத்தை வாசிக்கச் சொல்வது பழைய உபாயம். அவர்கள் கால் நாழிகைக்குமேல் நிலைத்து உட்காருவதில்லை. இசைத்தட்டில் பதிந்த பாடங்களும், வானொலிச் செய்தியும், ஒலிநாடாவும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த இடத்தைப் பிடித்தன. இப்போது கைத்தொலைபேசியில் எந்த வேகத்துக்கும் ஒலிப்பதிவு அகப்படுகிறது. ஆயினும் பதிவுக்குரல் ஒரு தீமையும் செய்கிறது. அதை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம். அதிகாரியை அவ்வாறு செய்ய இயலாது. மேலும் ஒரே பதிவைப் பத்துமுறை எழுதுபவருக்கு வாக்கியம் மனப்பாடமாகிவிடுவதால், வேகம் வந்துவிட்டதென்ற பிரமைதான் மிஞ்சும்.

கடிதம் வரைதலைப் பழைய கடிதங்களைப் பார்த்தெழுதியே பெரும்பாலும் கற்கலாம். காகிதங்களை அடுக்கும் கலை அட்டைப்பெட்டியும் அகராதி வரிசையும் அறிந்தவருக்குச் சில நாட்களின் வேலை. கணினியில் கடிதமும் அட்டவணையும் தயாரிப்பது இன்று தட்டெழுத்தின் நீட்சியாகவே கற்கப்படுகிறது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது மாத்திரம் வேறு ரகம்: எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பது அதில் கடினம்; ஊர்ச் சங்கமொன்றின் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாலன்றி வீட்டுச் சுவருக்குள் அது வாய்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் இவ்வித்தைகளுக்கு அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வுகள் உரைகல்லாக விளங்குகின்றன. தட்டெழுத்தில் மக்கள் ‘லோயர்’ என்று வழங்கும் இளநிலைக்கு நிமிஷத்துக்கு 30 சொற்கள், ‘ஹையர்’ என்னும் முதுநிலைக்கு 45 சொற்கள். சுருக்கெழுத்தில் இளநிலைக்கு 80, முதுநிலைக்கு 120. வீட்டில் எத்தனை காலம் பயின்றவராயினும் அந்நியமான ஒரு மண்டபத்தில், பழக்கமில்லாத ஒருவர் குரலைக் கேட்டே சுருக்கெழுத்துத் தேர்வை எழுதியாக வேண்டும். ஆகவே தனியே படிப்போர் பலர், கடைசி இரண்டு மாதங்களுக்காவது தெருமுனை இன்ஸ்டிடியூட்டில் பணம் கட்டிச் சேர்ந்துகொள்கிறார்கள். பாடம் கேட்பதற்காக அன்று, வேறொருவர் வாசிக்கத் தாம் எழுதுவதற்காக.