கைக்கு எட்டாத தூரம்: நீர்ப் பிரசவத்தில் தாயின் அனுபவம்

நீர்ப் பிரசவம் பற்றிய மருத்துவ விவாதம் நாற்பது ஆண்டுகளாக இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. குழந்தைக்கு ஆபத்து உண்டா? தாய்க்கு வலி குறைகிறதா? இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் தண்ணீரில் பெற்ற பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது, தங்களுக்கும் அறையில் இருந்தவர்களுக்கும் நடுவே ஓர் எல்லை இருந்ததைப் பற்றியே வலியைவிட அதிகமாகப் பேசுகிறார்கள். அந்த எல்லையை மையமாக வைத்துப் பார்த்தால், நீர்ப் பிரசவத்தின் நன்மையாகச் சொல்லப்படுவதும் ஆபத்தாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளம்புவது தெரியும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கு நான் எடுத்துக்கொள்வது முக்கியமாகப் பிரிட்டனின் நிலைமையை. அங்கே அரசு மருத்துவ சேவையே இதைப் பரவலாக வழங்குகிறது. பதிவுகளும் மலிந்து கிடக்கின்றன.

வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. ஐரோப்பிய மருத்துவ ஏட்டில் பதிவான முதல் நீர்ப் பிரசவம் எனப் பொதுவாகச் சுட்டப்படுவது, 1805இல் மோன்பெலியே நகர மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் எம்ப்ரி என்ற மருத்துவர் எழுதியது. நாற்பத்தெட்டு மணி நேரம் வலியில் கிடந்து சோர்ந்துபோன பெண்ணை வெந்நீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள்; சற்று ஆறுதல் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான். குழந்தை அங்கேயே பிறந்துவிடுகிறது. 1970களில் பாரிசுக்குத் தெற்கே பித்திவியே என்ற சிற்றூரின் பொது மருத்துவமனையில் மிஷேல் ஓதான் வைத்த தொட்டியும் வலியைத் தணிப்பதற்காக வைக்கப்பட்டதே. சில பெண்கள் வெளியே வர மறுத்தார்கள். சிலருக்கு வெளியே வர நேரமில்லை. அப்படிச் சேர்ந்த நூறு பிரசவங்களைப் பற்றி அவர் 1983இல் 'லான்செட்' இதழில் எழுதினார். தண்ணீருக்குள் குழந்தை பிறப்பது தம் நோக்கமே இல்லை என்பதையும் வலியுறுத்திச் சொன்னார். ஆக, தண்ணீரில் பெறலாம் என்று முதலில் முடிவு செய்தது மருத்துவர்கள் இல்லை. தொட்டியை விட்டு எழுந்திருக்காத பெண்கள் அதை நடத்திக் காட்டினார்கள். மருத்துவம் பின்னால் வந்து பெயர் வைத்தது.

ஓதான் சொல்லும் இன்னொரு செய்தி என் வாதத்துக்கு முக்கியமானது. தொட்டியில் தண்ணீர் நிரம்பும் ஓசையைக் கேட்டும், தண்ணீரின் நீல நிறத்தைப் பார்த்துமே சிலருக்குப் பிரசவம் வேகமெடுத்திருக்கிறது. தொட்டி நிரம்புவதற்குள் பெற்றுவிட்டவர்களும் உண்டு. வெதுவெதுப்பும் மிதப்பும் உடலில் வேலை செய்வதற்கு முன்பே ஏதோ வேலை செய்திருக்கிறது.

பிரிட்டனில் 1992இல் நாடாளுமன்ற நலக்குழு, இயன்ற இடங்களிலெல்லாம் பிரசவத் தொட்டியை ஒரு தேர்வாக வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று மருத்துவச்சிகளே நடத்தும் பிரசவப் பிரிவுகளில் அது சாதாரணமாகப் புழங்கும் பொருள். காட்சி இப்படி இருக்கும்: மார்பளவு தண்ணீர். வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. மணிக்கொரு முறை தண்ணீரின் சூட்டையும் தாயின் உடல் சூட்டையும் குறித்துக்கொள்வார்கள். தாய் முட்டிபோட்டு, தொட்டி விளிம்பில் கைகளை மடக்கித் தலை சாய்த்திருப்பாள். மருத்துவச்சி வெளியே தரையில் உட்கார்ந்திருப்பார். வலி எழும் நிலையில் கால் மணிக்கொரு முறையும், முக்கும் நிலையில் ஐந்து நிமிடத்துக்கொரு முறையும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். நீர்புகாத டாப்ளர் கருவியோடு அவர் கை முழங்கை வரை தண்ணீருக்குள் போகும். தலை வெளிப்படுகிறதா என்று பார்க்க ஒரு கைவிளக்கும் ஒரு கண்ணாடியும் உண்டு. பக்கத்தில் ஒரு சிறிய வலைக்கரண்டியும் இருக்கும். முக்கும்போது மலம் வெளியேறுவது இயல்பு; அதை அள்ளி எடுக்கத்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்த விளம்பரப் படங்களில் இந்த வலைக்கரண்டி தலைகாட்டுவதே இல்லை.

குழந்தை முழுவதும் தண்ணீருக்குள்ளேயே பிறந்து, தாமதமில்லாமல் நிதானமாக மேலே கொண்டுவரப்பட வேண்டும். தலை வந்த பிறகு தாய் எழும்பி, குழந்தையின் முகத்தில் காற்றுப் பட்டுவிட்டால் மறுபடி தண்ணீரில் அமரக் கூடாது. வாயுக் கலவையை முகர்ந்தபடி தொட்டியில் இருக்கலாம். முதுகில் மயக்க ஊசி, அதாவது எபிடியூரல், போட்டுக்கொண்டால் தொட்டிக்கு இடமில்லை.

இந்தச் சூழலைத்தான் சோதனை ஆய்வுகள் அளக்க முயன்றன. 2018இன் காக்ரேன் தொகுப்பாய்வு 15 ஆய்வுகளையும் 3,663 பெண்களையும் உள்ளடக்கியது. பிரசவத்தின் முதல் கட்டத்தில் தண்ணீரில் இருந்தவர்களில் எபிடியூரல் போன்ற மயக்க ஊசியை நாடியவர்கள் 39 சதவீதம், இல்லாதவர்களில் 43. இந்த வேறுபாட்டைக் கண்டு யாரும் துள்ளிக் குதிக்கப் போவதில்லை. 2004இல் எலிசபெத் க்ளூயட் குழுவினர் இங்கிலாந்தில் செய்த ஆய்வு சிறியது, 99 பேர்தான். ஆனால் கேள்வி கூர்மையானது. தலைச்சன் பிரசவத்தில் முன்னேற்றம் தேங்கிப்போன பெண்களில் ஒரு சாராரைத் தொட்டிக்கு அனுப்பினார்கள். மறு சாராருக்கு வழக்கம்போல் பனிக்குடத்தை உடைத்து, வலியூட்டும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஆயுதப் பிரசவமும் அறுவையும் இரு பக்கமும் ஏறக்குறைய சமம்: 49, 50 சதவீதம். வலியூட்டும் தலையீடு மட்டும் 96இலிருந்து 71 சதவீதமாக இறங்கியது. எபிடியூரலும் 66க்கு 47 என்று குறைந்தது. புள்ளியியல் உறுதியை அது சற்றே தவறவிட்டது. தொட்டிப் பக்கத்தில் ஆறு குழந்தைகள் சிசுப் பிரிவில் சேர்க்கப்பட்டன, மறுபக்கம் ஒன்றுகூட இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பிறந்ததும் குழந்தையின் நிலையை அளக்கும் ஆப்கார் மதிப்பெண்ணிலோ தொற்றிலோ வேறுபாடு இல்லை.

எண்கள் இப்படி அடக்கமாகப் பேச, தாய்மார் சொல்வது ஏன் அவ்வளவு அழுத்தமாக இருக்கிறது? எளிய பதில் ஒன்று உண்டு: ஆசைப்பட்டுப் போனவர்கள் புகழத்தான் செய்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அவர்கள் எதைப் புகழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் ராபின் மோட், மரலின் ஃபூரர் இருவரும் ஐந்து பெண்களிடம் விரிவாகக் கேட்டு 2007இல் எழுதிய ஆய்வில், தண்ணீர் வலியை நீக்கியது என்று அந்தப் பெண்கள் அடித்துச் சொல்லவில்லை. வலியைப் பற்றிய பயம் குறைந்தது, வலியோடு சமாளிக்க முடிந்தது, நடப்பது தம் பிடியில் இருந்தது, தண்ணீர் ஒரு தடுப்பாக நின்று அந்தரங்கத்தைக் காத்தது என்கிறார்கள். தண்ணீரில் இறங்கியதை மட்டுமல்ல, தண்ணீரை நோக்கிக் காத்திருந்ததையும் தனியொரு கட்டமாக அவர்கள் விவரிக்கிறார்கள். ஓதான் கண்ட நீர்நிரம்பும் ஓசை இங்கே ஒத்துப்போகிறது. ஸ்வீடனில் ஹன்னா உல்ஃப்ஸ்டோட்டிர் குழு இருபது பெண்களிடம் பேசி 2018இல் எழுதியதில், தொட்டி தெம்பு தரும் ஒரு சின்னஞ்சிறு வீடாக வருகிறது.

வீடு என்றால் சுவர் வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் பெண்ணுக்குச் சுவரே கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்தும் அவளை எட்டலாம். வயிற்றில் பட்டை, கையில் ஊசி, சில மணிக்கொரு முறை உட்பரிசோதனை, காலை விரி என்று ஒருவர், மூச்சை அடக்கி முக்கு என்று இன்னொருவர். தொட்டியில் இருப்பவளைத் தொட வேண்டுமானால் குனிய வேண்டும், கையை நனைக்க வேண்டும், அதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டும். விருப்பமில்லை என்றால் இரண்டடி நகர்ந்து எதிர் விளிம்புக்குப் போய்விட முடியும். பிரசவ அறையில் ஒரு பெண் நகர்ந்துகொள்ள முடிவது சாமானியமான விஷயமில்லை. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளை உட்காரவைத்து, மூத்தவள் ஒருத்தி செம்பு செம்பாக வெந்நீரை இடுப்பில் வீசி ஊற்றுவதை நினைத்துப் பார்க்கலாம். அங்கே நீர் இன்னொருத்தியின் கைவழி வருகிறது. சூட்டையும் வேகத்தையும் ஊற்றுகிறவளே தீர்மானிக்கிறாள். இரண்டிலும் வெந்நீர்தான், உறவு நேர்மாறு.

உடலியல் விளக்கத்தை நான் ஒதுக்கவில்லை. வெதுவெதுப்பு தசைகளைத் தளர்த்துகிறது. மிதப்பு நிலைமாற்றத்தை எளிதாக்குகிறது. பயம் தணிந்தால் அட்ரினலின் அடங்கி ஆக்சிடோசின் சீராகச் சுரக்கும் என்ற விளக்கமும் ஏற்கத்தக்கதே. ஆனால் இந்தக் கடைசி இணைப்பில் 'பயம் தணிந்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது. பயத்தைத் தணித்தது தண்ணீரின் சூடா, தண்ணீர் உண்டாக்கிய இடைவெளியா என்பதைச் சோதனைகள் பிரித்துப் பார்க்கவில்லை. க்ளூயட் ஆய்வில் தொட்டிக்குப் போன பெண்ணுக்குக் கிடைத்தவை இரண்டு: தண்ணீர் ஒன்று, சொட்டு மருந்து தள்ளிப்போடப்பட்ட அவகாசம் மற்றொன்று. நீரில் பிரசவம் என்ற பெயரில் தொட்டியைச் சுற்றி ஐந்து பேர் நின்று கட்டளையிட்டால் இந்த இரண்டாவது கிடைக்காது. தொட்டி மட்டும் பளபளவென்று இருக்கும்.

இடைவெளிக்கு விலையும் உண்டு. தண்ணீருக்குள் கலந்த ரத்தத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். தோள் சிக்கிக்கொண்டால் முதலில் தாயை வெளியே கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும்விட இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டிய விபத்து தொப்புள்கொடி அறுந்துபோவது. ரூத் கில்பர்ட், பாட் டூகி இருவரும் 1994 ஏப்ரல் முதல் 1996 மார்ச் வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் தண்ணீரில் பிறந்த 4,032 குழந்தைகளைப் பற்றித் திரட்டிய ஆய்வில், மரண விகிதம் ஆயிரத்துக்கு 1.2, எந்த மரணத்துக்கும் தண்ணீர் நேரடிக் காரணம் என்று தெரியவரவில்லை. ஆனால் கொடி அறுந்த நிகழ்வுகள் ஐந்து பதிவாயின. கொடி எவ்வளவு நீளம், எங்கே சுற்றியிருக்கிறது என்று தண்ணீருக்குள் சரியாகத் தெரிவதில்லை; குழந்தையை வேகமாக மேலே தூக்கினால் குட்டையான கொடி இழுபட்டு அறுகிறது. ஆக, தாயை அறையின் பார்வையிலிருந்து மறைத்த அதே நீர் கொடியையும் மறைக்கிறது. தொற்று வேறு வகை. 2014இல் இங்கிலாந்தில் ஒரு குழந்தைக்கு, தண்ணீரில் வளரும் நுண்ணுயிரால் வரும் லீஜனேர் நோய் கண்டபின், முன்கூட்டியே நிரப்பிச் சூடேற்றி வைக்கும் தொட்டிகளை வீட்டுப் பிரசவத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அது பராமரிப்புக் கோளாறு. நிரப்பும் முறையை மாற்றினால் தீரும். கொடியும் ரத்தமும் அப்படித் தீருபவை இல்லை.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2016இல் எடுத்த நிலைப்பாட்டை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். முதல் கட்டத்தில் தண்ணீரில் இருக்கலாம், பிரசவம் மட்டும் தரையில் நடக்கட்டும் என்கிறது அது. போதிய சான்று இல்லை என்பது சொல்லப்படும் காரணம். பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும் தண்ணீரில் பெறுவதை ஊக்குவிக்கவோ தடுக்கவோ தரமான சான்று போதாது என்றே சொல்லிவந்தது. ஆனால் அந்தக் குறையை முன்வைத்துத் தாயை எழுந்து வரச் சொல்லவில்லை. ஒரே சான்றுக் குறை, இரண்டு முடிவுகள். இடையில் நிற்பது, பிறக்கும் தருணத்தில் யாருடைய கை முன்னால் இருக்க வேண்டும் என்ற மருத்துவப் பண்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவச்சிகள் முன்னின்று நடத்தும் நாட்டில் கையைப் பின்னே வைத்திருப்பதும் ஒரு திறமை.

பிறகு சான்றும் வந்தது. ஜூலியா சாண்டர்ஸ் குழுவினரின் 'பூல்' ஆய்வு (2024), 26 அரசு மருத்துவ அமைப்புகளில் 2015 முதல் 2022 நடு வரை தொட்டியைப் பயன்படுத்திய 87,040 பெண்களின் பதிவுகளைத் திரட்டியது. சிக்கல் ஏதுமில்லாத, மகப்பேறு மருத்துவரோ மயக்க மருத்துவரோ தேவைப்படாத 60,402 பேரில் 39,627 பேர் தண்ணீரில் பெற்றார்கள்; மற்றவர்கள் வெளியே வந்து பெற்றார்கள். தலைச்சன் தாய்மாரில் மலவாய்த் தசை வரை கிழிந்தது 4.8 சதவீதம், வெளியே 5.3. குழந்தைக்கு ஏற்பட்ட பாதகங்கள் 2.7 சதவீதம், வெளியே 4.4. தண்ணீர் நல்லது என்று இதை வாசிக்கக் கூடாது. ஏதோ சரியில்லை என்று தோன்றியவர்களைத்தான் மருத்துவச்சி முதலில் வெளியே வரச் சொல்லியிருப்பார். தண்ணீரில் பெறுவது கூடுதல் ஆபத்தில்லை என்ற அளவோடு ஆய்வாளர்களும் நிறுத்திக்கொள்கிறார்கள். என் அக்கறை அந்த வெளியே வந்த 20,775 பேரில் நிற்கிறது. வேண்டாம் என்று தாமே எழுந்தவர் எத்தனை, எழுப்பப்பட்டவர் எத்தனை என்பது பதிவேட்டுத் தரவில் தெரியாது. நனைந்த உடலோடு, வலியின் உச்சத்தில், கட்டிலுக்கு நடத்திக் கொண்டுபோகப்படும் பெண் அந்தச் சுவரை இழக்கிறாள். முன்பே அவளிடம் இப்படியும் நேரலாம் என்று பேசியிருந்தார்களா என்பதில்தான் அவளுடைய அனுபவம் தொங்குகிறது.

தொட்டிக்கே வராதவர்களின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 2015–16இல் இங்கிலாந்தின் 35 மருத்துவ அமைப்புகளில் நடந்த 46,088 பிரசவங்களை ஆராய்ந்த ஆய்வில் 13.6 சதவீதம் தண்ணீரில் நடந்தவை. கறுப்பினப் பெண்களும் ஆசிய வம்சாவளிப் பெண்களும் வெள்ளையரைவிட மிகக் குறைவாகவே அதில் இருந்தார்கள். ஏழைப் பகுதிப் பெண்களும் அப்படியே. லண்டனில் பெறும் ஈழத் தமிழ்த் தாய்மார் அடங்குவதும் அந்த 'ஆசிய' வகைக்குள்தான். கூச்சம், பண்பாடு என்று இதற்குக் காரணம் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் கூச்சமுள்ளவளுக்கு மார்பு வரை மறைக்கும் தண்ணீர் கால் விரித்த கட்டிலைவிட ஏன் ஒவ்வாமல் போக வேண்டும்? ஆபத்து மிகுந்த பிரசவங்களைத் தள்ளிவிட்டுத்தான் அந்த ஆய்வு கணக்கெடுத்தது. எனவே நோயையும் முழுக் காரணமாகச் சொல்ல முடியாது. இவர்கள் கேட்க மாட்டார்கள் என்று கருதி யாரும் சொல்லாமல் விடுவது ஒரு காரணமாக இருக்கக்கூடும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நடக்கும் குறுகிய சந்திப்பில் முதலில் உதிர்ந்துபோவது இத்தகைய தேர்வுகள்தாம்.

இங்கே என் வாதத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. எல்லையையும் அந்தரங்கத்தையும் போற்றும் வாக்குமூலங்கள் பெரும்பாலும் நியூசிலாந்து, பிரிட்டன், ஸ்வீடன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில், அந்தந்த நாட்டு மொழியில் தடையின்றிப் பேசுகிற பெண்களிடமிருந்து வந்தவை. அம்மாவோ அக்காவோ இடுப்பை நீவிவிட வேண்டும் என்று எதிர்பார்த்துப் பிரசவ அறைக்கு வரும் பெண்ணுக்கு இந்தத் தூரம் காப்பாகத் தெரியுமா, தனிமையாகத் தெரியுமா என்று இந்த வாக்குமூலங்களை வைத்து முடிவுகட்ட இயலாது. தொட்டி விளிம்பைத் தாண்டி அம்மா கை நீட்டுவதற்கு எந்த நெறிமுறையும் தடையில்லை. லண்டனின் பிரசவப் பிரிவுகளில் ஈழத் தமிழ்ப் பெண்களிடம் தமிழிலேயே உட்கார்ந்து கேட்கலாம்; தொட்டியில் பெற்றவர்களை மட்டுமல்ல, தொட்டி இருப்பதே தெரியாமல் பெற்றுவந்தவர்களையும்.