தமிழ்நாட்டில் மாதவிடாய்த் தூய்மை

மாதவிடாய்க்குப் பெண்கள் நெடுங்காலம் பழைய பருத்திப் புடவைத் துணியையே பயன்படுத்தினர். துவைத்து வெயிலில் உலர்த்தினால் துணி பாதுகாப்பானதே. ஆனால் 'தீட்டு' என்ற எண்ணமும் கூச்சமும் அதை வெயிலுக்குக் கொண்டுவர விடவில்லை. இருட்டு மூலையில் சரியாக உலராத துணி அரிப்பையும் தொற்றையும் தந்தது.

கடை நாப்கின் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மனைவி துணி பயன்படுத்துவதைக் கண்ட கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், மலிவாக நாப்கின் தயாரிக்கும் சிறு இயந்திரத்தை உருவாக்கினார். 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டப்பட்ட அந்த இயந்திரத்தைப் பின்னர் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாங்கி இயக்கின. 2016இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தமிழக அரசு 2012இல் 'புது யுகம்' திட்டத்தைத் தொடங்கி, ஊரகப் பகுதிகளில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு நாப்கினை விலையின்றி வழங்கியது. நாப்கின் மீதான 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2018இல் நீக்கப்பட்டது.

துணியை மறைக்கவைத்த கூச்சம் இன்று வேறு வடிவில் தொடர்கிறது. தாம்பரம், குரோம்பேட்டை மருந்துக்கடைகளிலும் பெண்ணுறுப்பைக் கழுவும் வாசனைத் திரவங்கள் விற்கின்றன. அவை தேவையில்லை. பெண்ணுறுப்பின் உட்பகுதி தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும். வாசனைப் பொருள்களும் கிருமிநாசினியும் அங்குள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கெடுக்கும். வெளிப்புறத்தை வெறும் நீரால் மென்மையாகக் கழுவினால் போதும். நிறம் மாறிய வெள்ளைப்படுதல், துர்நாற்றம், அரிப்பு இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.