கைத்துப்பாக்கியும் கைப்பழக்கமும்

வேலும் வாளும் வில்லும் பாடிய இலக்கியத்தை உடையவர் நாம். ஆயினும் கைத்துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் இல்லங்களில் முகங்கள் மாறுகின்றன. பள்ளியில் பயிலும் மகனோ மகளோ துப்பாக்கி சுடும் போட்டியில் சேர விரும்புவதாகச் சொன்னால் தாய் திடுக்கிடுகிறாள். தந்தை விலையைக் கேட்டுப் பெருமூச்செறிகிறார். அச்சம் ஒருபுறம், செலவு ஒருபுறம். நம் குடியிருப்பிலும் இக்காட்சியைக் கண்டிருக்கிறோம்.

போட்டிக்கு உரிய கைத்துப்பாக்கியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்னும் வினாவுக்கு விடை காணப் பலர் கடைக்கு ஓடுகின்றனர். நாம் முதலில் வரலாற்றுக்குப் போவோம். இக்கருவி கடந்து வந்த வழியை அறிந்தால் அச்சமும் குறையும். வீண் செலவும் குறையும்.

கோட்டையும் தண்டும்

பெங்களூர் துப்பாக்கியை நெடுங்காலமாக அறிந்த ஊர். திப்பு சுல்தான் ஆட்சியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மட்டுமன்றி இங்கும் படைக்கலப் பட்டறைகள் நடந்தன. தாரமண்டலப்பேட்டை என்னும் பெயர் அக்காலத்து வாணப் படையை இன்றும் நினைவூட்டுகிறது. திப்புவுக்கெனச் செய்த சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கிகளில் சில இணைகள் வியப்புக்குரியவை. ஒன்றுக்குத் தீப்பொறி எழுப்பும் பொறி வலப்புறம் இருக்கும். மற்றொன்றுக்கு இடப்புறம் இருக்கும். கருவி கைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பதை அக்கம்மியர் அன்றே உணர்ந்திருந்தனர்.

1791இல் பெங்களூர்க் கோட்டை காரன்வாலிஸ் பிரபுவின் படையிடம் வீழ்ந்தது. 1799இல் திப்பு மாண்டார். 1809இல் ஆங்கிலேயர் அல்சூருக்கு அருகே படைப் பாசறை நிறுவினர். மக்கள் அதனைத் தண்டு என்று அழைத்தனர். சென்னைப் படையோடு சிப்பாய்களாகவும், சமையற்காரராகவும், வணிகராகவும், கொத்தராகவும் வந்தவரே இந்நகரத் தமிழருள் பலருடைய முன்னோர். 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர் படை, பின்னர் அல்சூர் ஏரிக்கரையையே தன் தலைமையிடமாகக் கொண்டது. ஆகவே துப்பாக்கி ஒலி கேட்டு வளர்ந்தவர் தண்டுத் தமிழர்.

ஆனால் ஒலியைக் கேட்பது வேறு. கருவியைத் தாமே தேர்ந்து விளையாட்டாகச் சுடுவது வேறு. 1868இல் பெங்களூர் ரைபிள் தொண்டர் படை அமைந்தது. குறிபார்த்துச் சுடும் பயிற்சியும் போட்டியும் அத்தகைய படைகளின் பொழுதுபோக்காகவே விளங்கின. ஆயின் அவை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியனவாக இருந்தன. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர் உரிமம் இன்றிப் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. எந்தத் துப்பாக்கி நல்லது என்ற வினாவை எழுப்பும் நிலையிலேயே நம்மவர் பெரும்பாலோர் இல்லை. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட நிகழ்ச்சியோடு கைத்துப்பாக்கி என்னும் சொல் தமிழர் நெஞ்சில் பதிந்தது. விளையாட்டாக நாம் அறியாத பொருள், வீரமாகவோ குற்றமாகவோ மட்டுமே நமக்கு அறிமுகமாயிற்று. இன்றைய தாய்மாரின் அச்சத்துக்கு இது ஒரு வேர்.

ஆற்றல் குறைந்தது, நுட்பம் வளர்ந்தது

போட்டித் துப்பாக்கியின் வரலாறு இதற்கு நேர் எதிரான வழியில் நடந்தது. 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் ஜான் பெயின், சம்னர் பெயின் என்னும் அமெரிக்கச் சகோதரர் இருவரும் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஆளுக்கொன்றாக வென்றனர். ஆயின் மற்றொரு போட்டியில் அவர்கள் கலந்துகொள்ள இயலவில்லை. அவர்கள் கொண்டுவந்த துப்பாக்கியின் குழல் அளவு அப்போட்டிக்கு ஏற்றதன்று எனத் தள்ளப்பட்டது. வல்லவனாயினும் விதியறிந்து கருவி தேராவிடில் வாயிலிலேயே நிற்க நேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1887 முதல் ஆங்கிலேயப் படையில் வழங்கிய வெப்லி சுழல் துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் அகலம் உடையது. பின்னர்ப் போட்டிகளில் நிலைபெற்ற .22 துப்பாக்கியின் குழல் 5.6 மில்லிமீட்டர். இன்று 10 மீட்டர் போட்டியில் பயன்படும் காற்றுத்துப்பாக்கியின் ஈய ரவையோ 4.5 மில்லிமீட்டர்தான். இப்போட்டி 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இதன் இலக்குத் தாளில் 10 புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். அன்றைய போர்க்குண்டின் அகலமே இன்றைய இலக்கின் அளவாகிவிட்டது! கொல்லும் ஆற்றல் சுருங்கச் சுருங்க, கையின் அமைதியும் மனத்தின் ஒருமையும் பெருகின. மாற்றாரை வீழ்த்தும் கருவி, தன் நடுக்கத்தைத் தானே வெல்லும் கருவி ஆயிற்று.

அங்கேரி நாட்டுக் கரோலி தகாச்சின் வாழ்வு இதனை நன்கு விளக்கும். 1938இல் கைக்குண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் சுடப் பழகினார். 1948இல் லண்டனிலும் 1952இல் எல்சின்கியிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார்.

நம் நகரின் பிள்ளைகள்

விடுதலைக்குப் பின் 1951இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. மக்களவையின் முதல் தலைவரான ஜி. வி. மாவலங்கர் அதன் தோற்றத்துக்குத் துணைநின்றார்; அவர் பெயரால் இன்றும் அனைத்திந்தியப் போட்டி நடைபெறுகிறது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி 1959இல் புதிய படைக்கலச் சட்டம் பிறந்தது.

நம் கன்னட நாடு தந்த வீரருள் பெங்களூரைச் சேர்ந்த பிரகாஷ் நஞ்சப்பா குறிப்பிடத்தக்கவர். கனடாவில் கணிப்பொறிப் பணியாற்றித் திரும்பிய இவர், 2013இல் சாங்வான் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் பெற்றார். அவ்வாண்டே ஸ்பெயினில் முகத்தின் ஒரு பக்கம் வாதத்தால் செயலிழந்தது. குறிபார்ப்பவனுக்கு இதனினும் கொடிய இடையூறு வேறென்ன? எனினும் மீண்டு வந்து, 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் வெள்ளி வென்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 50 மீட்டர்ப் போட்டியில் கலந்துகொண்டார். அதன்பின் அந்தப் போட்டி ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்கெனச் செய்த விலையுயர்ந்த துப்பாக்கிகள் ஒலிம்பிக்கில் இடம் இழந்தன. வாங்கும் முன் போட்டியின் நிலையை அறிய வேண்டும் என்னும் பாடத்தை இது நமக்குத் தருகிறது.

பெங்களூர் மங்கை டி. எஸ். திவ்யா, கூடைப்பந்து ஆடிப் பின் துப்பாக்கிக்கு வந்தவர். 2023இல் பாகு உலகக் கோப்பையில் சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு இணையர் தங்கமும், அவ்வாண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளியும் வென்றார்.

தேர்வு முறை

இனித் தேர்வுக்கு வருவோம். முதலில் போட்டி, பிறகு கை, அதன் பிறகே கருவி: இதுவே வரிசை. உள்ளூர்ப் போட்டிகளில் புகுவோர்க்கு 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கியே தக்கது. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டா. .22 துப்பாக்கிக்கோ உரிமம் இன்றியமையாதது. போட்டி விதிகள் மேலும் சில வரம்புகளை விதிக்கின்றன. துப்பாக்கியின் எடை 1,500 கிராமைத் தாண்டலாகாது. விசை 500 கிராமுக்குக் குறைந்த அழுத்தத்தில் விடுபடலாகாது. 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அது அடங்க வேண்டும். மைக்ரோமீட்டர் பிடித்துத் தொழிற்சாலையில் பணி செய்த நம் குடியிருப்புப் பெரியோர்க்கு இவ்வளவுகளின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்தது கைப்பிடி. விலையைவிட இதுவே முதன்மையானது. ஒரு கையால், தாங்கல் ஏதுமின்றி, 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். கண்ணை மூடித் துப்பாக்கியை உயர்த்திப் பின் கண்ணைத் திறந்து பாருங்கள். முனையில் உள்ள முன்குறி, பின்குறியின் பிளவில் நேராக நின்றால் கைப்பிடி பொருந்தியது எனலாம். சாய்ந்து நின்றால் அது பிறர் கைக்குச் செய்தது. மரப்பிடியை அரத்தால் தேய்த்தும், மரப்பசை இட்டும் தம் கைக்கு அமைத்துக்கொள்ளுதல் வீரர் வழக்கம். இடக்கைப் பழக்கம் உடையோர்க்கு இடக்கைப் பிடி தனியே உண்டு. வலக்கையினர் சிலருக்கு இடக்கண் மேலோங்கி இருத்தலும் உண்டு. அதனையும் முன்னரே சோதித்தல் நன்று.

மூன்றாவது எடை. கனத்த துப்பாக்கி அசைவைக் குறைக்கும். ஆனால் இளங்கையை விரைவில் சோர்வுறச் செய்யும். சோர்ந்த கை தவறான பழக்கத்தைக் கற்கும். ஆகவே சிறுவர்க்கு இலேசானதே ஏற்றது.

நான்காவது காற்று. நெம்புகோலை ஒவ்வொரு முறையும் மடக்கிக் காற்றை அழுத்தும் வகை ஒன்று. உருளையில் காற்றை முன்னரே நிரப்பிய வகை ஒன்று. முன்னதில் செலவு குறைவு, உழைப்பு மிகுதி. பின்னதில் கை சோராது. இன்றைய போட்டிகளில் இதுவே ஓங்கி நிற்கிறது. பழைய துப்பாக்கியை வாங்குவோர் உருளையில் பொறித்த ஆண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உருளைக்கும் ஆயுட்காலம் உண்டு.

பழுது பார்க்கும் வசதியையும் மறத்தல் ஆகாது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் துப்பாக்கி போட்டி நடுவே பழுதுற்றது, நிமிடங்கள் கரைந்தன, இறுதிச் சுற்று கைநழுவியது. அவரே 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். உயர்ந்த கருவியும் பழுதுபடும். உதிரிப் பொருளும் அறிந்த கம்மியரும் அருகில் உள்ளனரா எனக் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

இத்தனையும் கூறிய நாம் பெற்றோர்க்கு வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. முதல் ஆறு திங்கள் எதையும் வாங்க வேண்டா. சங்கத்துச் சுடுதளத்தில் பொதுத் துப்பாக்கியால் பயிலட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் சிறந்த துப்பாக்கிகள் இலட்ச ரூபாயைத் தாண்டும். பிள்ளையின் கை தன் பழக்கத்தைக் காட்டிய பின் செலவிட்டால் பொருளும் வீணாகாது, மனமும் நோகாது. வீட்டிலோ கருவி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும்; காற்றுத்துப்பாக்கியின் சிறு ரவையும் கண்ணைப் பறிக்கும் என்பதை ஒருநாளும் மறவாதீர்.

பறவையின் கண்ணை மட்டுமே கண்ட அருச்சுனன் கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். சுடுதளத்து ஆசிரியர் சற்றே மாற்றிச் சொல்வார்: தொலைவில் உள்ள இலக்கு மங்கித் தோன்றட்டும்; உன் கை முனையில் உள்ள முன்குறி தெளிவாகத் தெரியட்டும். பிறனை நோக்காது தன்னை நோக்கும் இக்கல்வியை ஒரு காலத்தில் தண்டின் வேலிக்கு வெளியே நின்று நம் முன்னோர் பார்த்திருந்தனர். இன்று வாயில் திறந்திருக்கிறது. நமக்கு வாழ்வளித்த இம்மண்ணின் பிள்ளைகளோடு தோள் சேர்த்து நம் மக்களும் அங்கே நிற்கட்டும். கருவியைக் கைக்கேற்பத் தேர்வோம். கையை மனத்துக்கேற்பப் பழக்குவோம்.