வன்னிக் குடும்ப வரலாறும் பத்திரிகை நறுக்குகளும்

அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. குடியானவனுக்கு மரண அறிவித்தல் உண்டு. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் நாடோறும் வெளிவரும் இவ்வறிவித்தல்களை வரலாற்று மாணவர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், வன்னிப் பெருநிலப்பரப்பிலே ஒரு குடும்பத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்குப் பல வேளைகளிற் கையில் எஞ்சுவன இத்தகைய நறுக்கு ஒன்றும், வீட்டிலிருக்கும் தாயோ தந்தையோ கூறும் கதையுமே. இவ்விரண்டில் எதனை எவ்விடத்து நம்புவது என்பது எளிதில் விடுபடும் வினாவன்று.

வன்னிக் குடும்பங்கள் யாவும் ஒரே வழியாக வந்தவையல்ல. குளத்தையும் கோயிலையும் சார்ந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகள் ஒரு சாரார். ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலிலே அவர்களுடைய ஊர்களைக் காணலாம். ஆட்களைக் காண்பது அரிது. அவர்களின் குடிவழி ஏட்டிலன்றித் தொண்டிலே நின்றது. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில் வைகாசிப் பொங்கலிற் பாக்குத்தெண்டல் முதலான கருமங்களை இன்னின்னார் செய்தல் வேண்டுமென்ற முறைமை, எழுதப்படாத வம்சாவளியாகவே கொள்ளத்தக்கது. மற்றொரு சாரார் குடியேறிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திற் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டமும் 1936இல் உருவான கிளிநொச்சிக் குடியேற்றமும் திறந்துவிட்ட வழியே, குடாநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் புகைவண்டியில் வந்திறங்கியோர் பலர். மூன்றாம் சாரார் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களின் பின் மலைநாட்டிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர். ஒவ்வொரு சாராரின் றங்குப்பெட்டியிலும் இருக்கும் தாள்கள் வெவ்வேறானவை.

மரண அறிவித்தலின் வாய்பாட்டை முதற்கண் நோக்குதல் தகும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்ற தொடரோடு அது தொடங்கும். தேய்ந்த தொடர்தான்; ஆயினும் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை அறிவித்தல்களை வரிசைப்படுத்தினால், இத்தொடர் ஒரு குடிபெயர்வு வரலாறாக மாறிவிடும். பாட்டனார்க்குப் புங்குடுதீவு பிறப்பிடமும் வதிவிடமுமாக நிற்கும். மகனுக்கு வதிவிடம் உருத்திரபுரமாகும். பேரனுக்குப் பிறப்பிடம் உருத்திரபுரமாகவும் வதிவிடம் ரொறன்ரோவாகவும் அமையும். காலஞ்சென்ற என்ற அடை யார்யார் பெயர்க்கு முன் நிற்கிறது என்பதைக் கொண்டு, முன்னரே இறந்தோரையும் பிரித்தறியலாம்.

நறுக்குகளின் பெருங்குறை, வெட்டியவர் பத்திரிகையின் பெயரையும் தேதியையும் வெட்டி எறிந்துவிடுதலே. ஆயினும் சான்று முற்றாக அழிவதில்லை. நறுக்கின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அங்கே பாதியாய் நிற்கும் திரைப்பட விளம்பரமோ அரிசி விலையோ காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முகப்பிலேயே முல்லைத்தீவு மாவட்டம் என்றிருந்தால் அது 1978இற்கு முற்பட்டதன்று. கிளிநொச்சி மாவட்டம் என்றிருந்தால் 1984இற்கு முற்பட்டதன்று. அம்மாவட்டங்கள் அவ்வாண்டுகளிலேயே தனியாகப் பிரிக்கப்பட்டன.

சைவக் குடும்பங்களில் நறுக்கினும் சிறந்த சான்று ஒன்றுண்டு. அந்தியேட்டியின்போது வழங்கப்படும் நினைவு நூலைக் கல்வெட்டு என்றே மக்கள் வழங்குவர். அதிலுள்ள திதி வெண்பா இறந்தவரின் ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைச் செய்யுளில் அடக்கி வைத்திருக்கும். புலமை குறைந்த வெண்பாவாயினும் கணக்குப் பிழைத்தல் அரிது. ஆண்டுத் திவசத்திற்கு அக்கணக்கே வேண்டும் அன்றோ! இடர்ப்பாடு யாதெனில், அறுபது ஆண்டுச் சக்கரம் மீண்டும் மீண்டும் வருவது. ருத்ரோற்காரி என்ற பெயர் 1803ஐயும் குறிக்கும், 1983ஐயும் குறிக்கும். எந்தச் சுற்று என்பதைத் தீர்க்க வேறு சான்று தேவை.

முதியோரின் நினைவும் இவ்வாறே காலத்தைக் கணிக்கிறது. ஒரு தாய், தம் வீட்டுக் கூரை குரோதி வருடத்து மார்கழியில், திருவெம்பாவை முடிந்த கையோடு வந்த புயலிற் போயிற்று என்று கூறுவாரெனக் கொள்வோம். குரோதி 1904இலும் 1964இலும் பிறந்தது. கூறுபவரின் வயது முன்னையதை விலக்கிவிடும். 1964ஆம் ஆண்டுத் திருவாதிரை டிசம்பர் 20ஐ ஒட்டி வந்தது. டிசம்பர் 22ஆம் நாள் பெரும்புயல் வடபகுதியைத் தாக்கி, மறுகரையில் தனுஷ்கோடியைப் புகைவண்டியோடு அழித்தது. தாயின் சொல் ஒரு நாளேனும் பிசகவில்லை. அவ்வாரத்துப் பத்திரிகைகளில் தனுஷ்கோடியைத் தேடினாற் கிடைக்கும். வன்னியின் ஓர் ஒழுங்கையிற் போன கூரையைத் தேடுவார்க்குத் தாயின் வாயன்றி வேறு ஏடு இல்லை.

பத்திரிகைகள் வன்னியை வெளியிலிருந்தே நோக்கின என்பதை மறத்தலாகாது. 1841இல் தோன்றிய உதயதாரகையும், 1889இன் இந்துசாதனமும், 1930இன் ஈழகேசரியும், 1959இன் ஈழநாடும் குடாநாட்டில் அச்சாயின. வீரகேசரியும் தினகரனும் கொழும்பில் அச்சாயின. குளம் திறப்பதற்கு அமைச்சர் வந்தது செய்தியாகும். காட்டை வெட்டியவன் மலேரியாக் காய்ச்சலிற் கிடந்தது செய்தியாகாது. அவன் மனைவி நாற்றுமுடி சுமந்தது ஒருபோதும் ஆகாது. அரசாங்கத் தாள்களும் இவ்வகையிற் பிறழ்ந்தே நின்றன. மக்கள் பேர்மிற் என்று வழங்கும் காணி உத்தரவுப் பத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரிலேயே எழுதப்பட்டது. முற்குறித்த சட்டத்தின் வாரிசு வரிசை மகளுக்கு முன் மகனை வைத்திருந்தது. ஆகவே பத்திரங்களை மட்டும் கொண்டு எழுதப்படும் குடியேற்ற வரலாறு, ஆண்கள் தனியே வந்து குடியேறிய விந்தைக் கதையாக முடியும். தந்தையின் பெயரை நறுக்குத் தரும். தாயின் உழைப்பை அவரே சொல்லல் வேண்டும்.

இனி, நினைவு பிழைக்கும் இடமும் உண்டு. பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான் என்பதும், அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்பதும் பலரும் அறிந்தன. கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட ஆங்கிலக் கல் அத்தோல்வியையும் நாளையுமே கூறியது; காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்ற செய்தி அதில் இல்லை. ஊர்க்கதையிலோ அதுவே உயிர்நிலை. தம் பாட்டனார் வாயிற் கேட்டதாக ஒருவர் இக்கதையைக் கூறுமிடத்து, முல்லைமணி வே. சுப்பிரமணியம் எழுதிய பண்டாரவன்னியன் நாடகத்தை அவர் இளமையிற் பார்த்தாரா என்று வினவுதல் முறை. மேடையிற் கேட்ட வசனம் காலப்போக்கிற் பாட்டனார் குரலாக மாறிவிடுவதுண்டு. இஃது பொய்யன்று, நினைவின் இயல்பு. குடும்பத்தைப் பற்றிய கதைகளிலும், குலப்பெருமை எங்கே மிகுகிறதோ அங்கே ஆராய்வோன் சற்று நின்று நிதானித்தல் வேண்டும். நெல் விலையையும் காய்ச்சலையும் பற்றிப் பொய் சொல்ல எவர்க்கும் தேவை இருப்பதில்லை.

இவ்விருவகைச் சான்றுகளும் வன்னியில் அழிந்த கதை தனியே எழுதத்தக்கது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியும் ஜூன் முதலும் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தையும் ஈழநாடு அலுவலகத்தையும் தீயிற் கண்டன. 1996இல் கிளிநொச்சி பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டது. 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ வன்னி முழுவதும் இடம்விட்டு இடம் பெயர்ந்தபோது, பிறப்புச் சான்றிதழையும் காணிப் பத்திரத்தையும் மடியிற் கட்டிக்கொண்டு ஓடியோரும் நறுக்குகளைப் பெட்டியோடு விட்டே சென்றனர். குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பல்லாண்டுகள் நறுக்குகளைப் பொருள்வாரியாகத் தொகுத்தும் நுண்படச் சுருள்களிற் பதிந்தும் வைத்த பணியின் பெருமை அதன் பின்னரே பலர்க்கு விளங்கிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலும், கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பழைய பத்திரிகைகளை இன்று தேடிக் காணலாம். பெட்டியில் எரிந்த நறுக்கின் மற்றொரு பிரதி அங்கே இருத்தல் கூடும்.

தாயின் நினைவுக்கு மறுபிரதி இல்லை. 1950களிற் பெற்றோர் கைபிடித்து வட்டக்கச்சியிலும் முரசுமோட்டையிலும் வந்திறங்கிய சிறுவர் இன்று எழுபது எண்பது வயதினர். அவர்களிடம் குலம், பட்டம் முதலியவற்றை முதலில் வினவுவதாற் பயன் சிறிது. வந்திறங்கிய அன்று யார் வீட்டுக் கிணற்றிலே தண்ணீர் அள்ளினீர்கள் என்று கேட்டால், அயலவர் பெயரும், அவர் வந்த ஊரும், அவ்வாண்டு மழையும், அக்கிணற்றிற்குப் பின்னர் வந்த வழக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். பெயர்களைக் குறித்துக்கொண்ட பின் பத்திரிகையைத் திறக்கலாம்.