மூன்று நிமிடத் தட்டில் ஒரு வரலாறு



பல ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளியின் கலைநிகழ்ச்சிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தாத்தா விட்டுச்சென்ற வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேட்ட பாட்டை அப்படியே வாசிப்பான், சுரக்குறிப்பு தெரியாது. "முறையாகக் கற்றுக்கொண்டு வா, பிறகு மேடை தருகிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அவன் திரும்பி வரவில்லை. நான் சரியாகத்தான் செய்தேன் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்நினைப்பைக் கலைத்தவை 1930களில் பாரிஸ் நகரில் பதிவான சில பழைய இசைத்தட்டுகள்.

அவற்றில் வயலின் வாசித்தவர் ஸ்தெபான் கிராப்பெல்லி. 1908-இல் பாரிஸில் பிறந்தவர். தாய் இளமையிலேயே இறந்துவிட்டார். இத்தாலியரான தந்தை முதல் உலகப் போருக்குச் செல்ல, சிறுவன் அநாதை விடுதியில் பசியோடு வளர்ந்தான். போர் முடிந்து திரும்பிய தந்தை, தம் உடையை அடகு வைத்துப் பன்னிரண்டு வயது மகனுக்கு ஒரு சிறிய வயலின் வாங்கித் தந்தார் என்பர். தெருவில் வாசிப்பவர்களைப் பார்த்தும், தானே முயன்றும் பெரும்பகுதியைக் கற்றார். பதின்ம வயதில் பேசாப் படங்களுக்குப் பின்னணி வாசித்துப் பிழைத்தார்.

1934-இல் கிளாரிட்ஜ் விடுதியின் இசைக்குழுவில் அவருக்கு வாய்த்த தோழர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட். நாடோடிகளான ரோமா இனத்தைச் சேர்ந்த கித்தார்க் கலைஞர். 1928-இல் அவர் வாழ்ந்த வண்டி வீடு தீப்பற்றியதில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப்போயின. மீதமிருந்த விரல்களைக் கொண்டே தமக்கென ஒரு வாசிப்பு முறையை அவர் கண்டுகொண்டார். ஓய்வு நேரத்தில் மேடைக்குப் பின்னே இருவரும் விளையாட்டாக வாசித்ததுதான் புகழ்பெற்ற 'ஹாட் கிளப்' ஐவர் குழுவாக மலர்ந்தது. ஒரு வயலின், மூன்று கித்தார்கள், ஒரு டபுள் பேஸ், அவ்வளவுதான். முரசு இல்லை, எக்காளம் இல்லை. ஜாஸ் என்றாலே எக்காளமும் முரசும் என்றிருந்த காலம் அது! தாளத்தைக் கித்தார்களே சுமந்தன. அவ்வாண்டு டிசம்பரில் முதல் தட்டுகள் பதிவாயின.

அன்றைய தட்டுகள் அரக்கால் ஆனவை. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கும். தவறு நேர்ந்தால் வெட்டி ஒட்ட இயலாது. ஆகவே நாம் கேட்பது அந்த மூன்று நிமிடங்களில் உண்மையாகவே நிகழ்ந்ததை. 1937-இல் பதிவான 'மைனர் ஸ்விங்' முடியும்போது வாசித்தவர்களே உற்சாகமாகக் குரல் எழுப்புவது தட்டில் பதிந்திருக்கிறது. தேர்வு முடிந்த பிள்ளைகளின் கூச்சலைப் போன்ற அக்குரலுக்காகவே நான் அதை மீண்டும் மீண்டும் கேட்பதுண்டு.

ஆனால் என்னை உலுக்கியது அதே ஆண்டின் வேறொரு பதிவு. எடி சவுத் என்னும் கறுப்பின அமெரிக்க வயலின் கலைஞர் அப்போது பாரிஸுக்கு வந்திருந்தார். சிகாகோவில் செவ்வியல் இசையை முறையாகப் பயின்றவர். சிறுவயதிலேயே மேதை எனப் பெயர் பெற்றவர். எனினும் அன்றைய அமெரிக்காவின் செவ்வியல் மேடைகள் அவர் நிறத்தைப் பார்த்தே கதவடைத்தன. வேறு வழியின்றி இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்தார். அவரையும் கிராப்பெல்லியையும் இணைத்து, யோகான் செபாஸ்டியன் பாக்கின் இரட்டை வயலின் கச்சேரிப் படைப்பொன்றின் முதற்பகுதியைப் பதிவு செய்யத் தூண்டியவர் ஷார்ல் தெலோனே. பக்கத்தில் கித்தாருடன் ஜாங்கோ.

ஒரு முறை எழுதியபடியே, ஜாஸ் நடையில் வாசித்தார்கள். மற்றொரு முறை ஏட்டை விட்டு விலகி, நம்மவர் மனோதர்மம் என்போமே, அவ்வாறு வாசித்தார்கள். முறையாகப் படித்தும் மேடை கிடைக்காத ஒருவர். பாதி தெருவில் படித்த ஒருவர். சுரக்குறிப்பை வாசிக்கவே தெரியாத ஒருவர். ஆம், ஜாங்கோவுக்கு அது கடைசிவரை தெரியாது. பாக் எழுதிய இசைக்குக் காதால் கேட்டே பக்கவாத்தியம் வாசித்தார். இதை அறிந்த அன்றிரவு அந்த ஐந்தாம் ஆண்டு மாணவனின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு இலண்டனில் இருந்தது. ஜாங்கோ உடனே பாரிஸுக்குத் திரும்பினார். கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். நாஜிகள் ரோமா மக்களைக் கொன்று குவித்த அந்த ஆண்டுகளில் ஜாங்கோ உயிர் பிழைத்ததே வியப்பு. 1940-இல் அவர் புகழ்பெற்ற தம் 'நுவாஜ்' பாடலைப் பதிவு செய்தபோது வயலின் இருந்த இடத்தில் கிளாரினெட் ஒலித்தது. 1946-இல் இலண்டனில் இருவரும் மீண்டும் சந்தித்து அதே பாடலைச் சேர்ந்து பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வரலாற்றுப் பாடநூலின் ஆறாண்டுப் போர் அவற்றுக்கிடையே கிடக்கிறது.

ஜாங்கோ 1953-இல் மறைந்தார். கிராப்பெல்லி ஏறக்குறைய அறுபது வயதில் பாரிஸ் விடுதியொன்றில் விருந்தினர் உண்ணும்போது வாசித்துக்கொண்டிருந்தார். எழுபதுகளில் செவ்வியல் மேதை யெகூதி மெனுகினுடன் செய்த பதிவுகள் அவரை மீண்டும் உலகறியச் செய்தன. 1975-இல் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' பாடலுக்கு அவர் வாசித்தது காதில் விழாத அளவுக்கு அமுக்கப்பட்டு, பெயரும் இடப்படாமல் வெளிவந்தது. அவர் காலமான பின், 2011-இல்தான் அவ்வாசிப்புத் தெளிவாகக் கேட்கும் பதிவு வெளியாயிற்று.

நம்மவர்க்குரிய செய்தி ஒன்றும் உண்டு. 1984-இல் வெளிவந்த 'கான்வர்சேஷன்ஸ்' இசைத்தொகுப்பில் கிராப்பெல்லியுடன் வாசித்தவர் எல். சுப்பிரமணியம். யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, 1958 இனக்கலவரத்திற்குப் பின் குடும்பத்துடன் சென்னைக்குப் பெயர்ந்தவர். மருத்துவம் படித்தும் வயலினை விடாதவர். தரையில் அமர்ந்து வாசிக்கும் மரபும், நின்றுகொண்டு தாடையில் அணைத்து வாசிக்கும் மரபும் அதில் உரையாடுகின்றன. கிராப்பெல்லிக்கு அப்போது எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. 1997 டிசம்பர் முதல் நாள் பாரிஸில் காலமாகும்போது அவருக்கு எண்பத்தொன்பது.

சென்ற மாதம் சந்தையில் அந்த மாணவனைக் கண்டேன். இப்போது லாரி ஓட்டுகிறான். தயங்கித் தயங்கி வயலினைப் பற்றிக் கேட்டேன். "அண்ணன் மகன் கையில இருக்கு சார். யூடியூப் பார்த்து என்னமோ வாசிக்கிறான்" என்றான். பையனை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.