ஆறு பெட்டிகளும் ‘பொறுக்கி’ என்ற ஒரு சொல்லும்: தமிழ் வசையை இயந்திரத்துக்குக் கற்பித்த வரலாறு, 2020–2024

கொடைக்கானலின் குணா குகைக்கு அந்தப் பெயரைத் தந்தது 1991இல் வந்த கமல்ஹாசன் படம். அதற்கு முன் அது ‘டெவில்ஸ் கிச்சன்’. 2006இல் கேரளத்தின் மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த இளைஞர்களில் ஒருவர் அங்கே பாறைப் பிளவுக்குள் விழுந்தார். நண்பர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அந்த நிகழ்வை வைத்துச் சிதம்பரம் இயக்கிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024 பிப்ரவரி 22 அன்று வெளியாகி, தமிழ்நாட்டுத் திரையரங்குகளையும் நிறைத்தது. மார்ச் மாதம் எழுத்தாளர் ஜெயமோகன் அந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். மலைவாசத் தலங்களில் குடித்துக் கூத்தடிக்கும் சுற்றுலாப் பயணிகள்மீதான கோபம் அது. தலைப்பிலேயே ‘பொறுக்கி’ என்ற சொல் இருந்தது. கேரளத்து எழுத்தாளர்களும் திரைத்துறையினரும் எதிர்த்து எழுதினார்கள். சண்டை சில நாட்களில் சமூக ஊடகங்களுக்கு இறங்கி, இரு மாநிலத்தாரையும் மொத்தமாக இழித்துப் பேசும் அளவுக்குப் போனது.

அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பொருளல்ல. அந்த ஒரு சொல்லை, தமிழ் வசையைக் கண்டறியப் பயிற்றுவிக்கப்பட்ட ஒரு நிரல் எங்கே வைத்திருக்கும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், 2020 முதல் 2024 வரை இயந்திரத்துக்குத் தமிழ் வசை எப்படிக் கற்பிக்கப்பட்டது என்ற வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுவதிலிருந்து வேறுபட்டுத் தெரிகிறது.

வழக்கமான வாசிப்பு பாரதி ராஜா சக்கரவர்த்தியும் அவரது குழுவினரும் தந்தது. அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்திலிருந்து அவர்கள் செய்த பணி இல்லையென்றால் இந்தத் துறையே இல்லை. யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டி, தமிழ்–ஆங்கிலக் கலப்பில் ஏறத்தாழ 44,000, மலையாளக் கலப்பில் 20,000, கன்னடக் கலப்பில் 7,000 என்று பொதுவில் வைத்தவர்கள் அவர்கள். 2020இல் ஃபயர் என்ற தகவல் மீட்பு மாநாட்டிலும், 2021 ஏப்ரலில் ஈ.ஏ.சி.எல். என்ற கணினி மொழியியல் மாநாட்டையொட்டியும், 2022இல் டப்ளினில் நடந்த ஏ.சி.எல். மாநாட்டையொட்டியும் வசையைக் கண்டறியும் போட்டிகளை நடத்தி, பல நாட்டு ஆய்வாளர்களைத் தமிழ்ப் பின்னூட்டங்களைப் படிக்கவைத்தார்கள். 2022 போட்டி அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரது முகவரி திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம். குணா குகை இருக்கும் அதே மாவட்டம்.

அவர்களின் நோயறிதல் சுருக்கமானது. ஒரே மொழியில் அமைந்த உரையில் பயிற்சி பெற்ற நிரல்கள் தங்கிலீஷில் தடுக்கி விழுகின்றன. கலப்புமொழிக்கான தரவுகளோ மிகக் குறைவு. வளம் குறைந்த மொழி, கலந்துபோன எழுத்து என்ற இந்த இரண்டு சொற்றொடர்களும் அதன்பின் வந்த கட்டுரைகள் பலவற்றின் முதல் பத்தியில் மந்திரம்போல் திரும்ப வருகின்றன. பிறகு மருந்தும் தானாகவே தெளிவாகிவிடுகிறது: இன்னும் திரட்டு, இன்னும் குறியிடு.

இந்த வாசிப்பைப் ‘பொறுக்கி’யை வைத்துச் சோதிக்கலாம்.

பொது வெளியில் பெரும் சூட்டைக் கிளப்பிய இரண்டு தருணங்களில் அந்தச் சொல் வந்த எழுத்து வடிவத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது 2017 ஜனவரி. மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த நாட்களில் பா.ஜ.க. அரசியல்வாதி சுப்பிரமணியன் சுவாமி ட்விட்டரில் அதை எழுதினார். பி, ஓ, ஆர், கே, ஐ என ஐந்தே ஆங்கில எழுத்துகள். நடுவில் இருந்த றுகரம் உயிரிழந்து, ‘போர்கி’ என்று ஒலிக்கும் வடிவம். சுற்றிலும் ஆங்கில வாக்கியம். இரண்டாவது 2024. தேர்ந்த உரைநடைக்காரர் ஒருவர், தமிழ் எழுத்தில், ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதியது. ஒன்றில் கலப்பு உச்சத்தில் இருக்கிறது. மற்றதில் கலப்பே இல்லை. இரண்டும் ஒரே அளவு புண்படுத்தின. கலப்புமொழிதான் முதற்சிக்கல் என்றால் 2024இன் தலைப்பு இயந்திரத்துக்கு எளிதாக இருந்திருக்க வேண்டும். அப்படி இராது.

ஏன் என்பதற்கு இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். ‘பொறுக்கு’ என்ற வினை சிதறியதை எடுப்பது. ‘கல் பொறுக்கிச் சமைத்தாள்’ என்பதில் பொறுக்கி வினையெச்சம். ‘பொறுக்கியெடுத்த கதைகள்’ என்றால் பாராட்டு. மண்வெட்டி, துருவி போல இகர விகுதி பெற்றுப் பெயராக நிற்கும்போதுதான் அது வசையாகிறது. குப்பையில் பொறுக்கி வாழ்பவரின் தொழிலை அவமானமாக்கி அடுத்தவர்மேல் எறியும் வசை. ஆகவே வர்க்கமும் சாதியும் அந்தச் சொல்லின் வயிற்றிலேயே இருக்கின்றன. இதன் அருகிலேயே ‘பொறு’ என்ற இன்னொரு வினை: ‘வலி பொறுக்க முடியவில்லை’. இரு வினைகளுக்கும் செயவெனெச்சம் ஒன்றே, ‘பொறுக்க’. எல்லையைத் தாண்டினால் இன்னும் சிக்கல். மலையாளத்தில் பொறுக்கி எடுப்பதைச் சொல்லும் வினை எகரத்தோடு ‘பெறுக்கு’ என ஒலிக்கும். ‘பொறுக்கணே’ என்றால் மன்னித்துவிடுங்கள் என்ற மன்றாட்டு. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழனின் வசையும் மலையாளியின் மன்னிப்பும் முதல் ஆறு எழுத்துகளைப் பகிர்ந்துகொள்ளும். சொற்களைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் படிக்கும் இன்றைய மொழி மாதிரிகளுக்கு இந்தத் துண்டு மட்டும் எதையும் சொல்லாது.

2017இன் மறுபாதியையும் சேர்க்க வேண்டும். சுவாமியின் சொல்லுக்குக் கமல்ஹாசன் பதில் சொன்னபோது அதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். பொறுக்குதல் என்ற வினையின் மூலப்பொருளையே பிடித்துத் திருப்பினார். குகைக்குப் பெயர் தந்த படத்தின் நாயகன், அதே குகையின் பெயரால் ஏழாண்டுகள் கழித்து வெடித்த சண்டையின் சொல்லுக்கும் முன்கூட்டியே ஓர் உரை எழுதியிருந்தார் என்பது தற்செயல்தான். ஆனால் பயனுள்ள தற்செயல். ஒரே சொல். ஒருவர் வாயில் இழிவு, இன்னொருவர் வாயில் எதிர்ப்பு. இரண்டையும் பிரிப்பது பேசியவர் யார், கேட்டவர் யார் என்ற செய்தி மட்டுமே.

இப்போது தரவுக் கோப்பைத் திறக்கலாம். 2021 போட்டிக்கு வெளியிட்ட தமிழ்ப் பயிற்சிக் கோப்பில் 35,139 வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டே புலங்கள்: பின்னூட்டம், அதன் லேபிள். எந்தக் காணொளியின் கீழ், யாருக்குப் பதிலாக, எந்த நாளில் என்பதற்கு இடமில்லை. லேபிள்கள் ஆறு. வசை இல்லை 25,425. இலக்கில்லா வசை 2,906. தனிநபரை நோக்கிய வசை 2,343. குழுவை நோக்கியது 2,557. பிறவற்றை நோக்கியது 454. தமிழ் அல்ல 1,454. எதைக் காட்டினாலும் ‘வசை இல்லை’ என்று மட்டும் சொல்லும் நிரல்கூட இதில் நூற்றுக்கு 72 முறை சரியாகச் சொல்லிவிடும். போட்டியில் பயன்பட்ட எடையிட்ட எஃப்1 அளவுகோலில் (1 என்றால் முழுச் சரி) கணக்கிட்டால் அந்த நிரலுக்குச் சுமார் 0.61 கிடைக்கும், போட்டியில் வென்ற அணிக்குக் கிடைத்தது 0.78. முன்னேற்றம் உண்மையானது. ஆனால் 0.78 என்ற எண் தனியாக நின்று தரும் நம்பிக்கை பெரிது.

ஜெயமோகனின் தலைப்பு எந்தப் பெட்டிக்குப் போகும்? படத்தில் வரும் இளைஞர்களைச் சொன்னதாகக் கொண்டால் தனிநபர். கேரளத்துக் குடிகாரச் சுற்றுலாப் பயணிகளை என்றால் குழு. மலையாளிகளையே என்று பலர் வாசித்தபடி வாசித்தால் அதுவும் குழுதான், ஆனால் முற்றிலும் வேறு குழு. படம் என்ற கலைப்பொருளைத் தாக்குகிறது என்றால் ‘பிற’. மார்ச் மாதச் சண்டை முழுவதும் இந்த நான்கு வாசிப்புகளுக்கு இடையேதான் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் தீர்க்க முடியாததை, ஒரு வரியை மட்டும் பார்த்து மூன்று நான்கு பேர் லேபிளால் தீர்க்க வேண்டும் என்று அந்த வடிவம் கேட்கிறது.

வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் ஐயம் இல்லை. மார்கோஸ் ஸாம்பியெரி குழுவினர் 2019இல் 14,100 ஆங்கில ட்வீட்களுக்காக வகுத்த ‘ஓலிட்’ திட்டமே அது. வசையா இல்லையா, இலக்கு உண்டா, இலக்கு தனிநபரா, குழுவா, பிறவா என்ற மூன்று படிகளை ஒரே தட்டில் பரப்பி, ‘தமிழ் அல்ல’ என்ற பெட்டியைக் கூட்டினால் 2021இன் ஆறும் வந்துவிடுகின்றன. சக்கரவர்த்தி குழுவினர் இதை மறைக்கவில்லை. தழுவியது என்று சொல்லியே செய்தார்கள். ஆனால் குறையைத் தமிழின் ‘வளமின்மை’ என்று பெயரிட்டபோது, இறக்குமதியான சட்டகம் கேள்விக்கு வெளியே நின்றுவிட்டது.

கூட்டப்பட்ட அந்த ஆறாவது பெட்டிதான் இங்கே அதிகம் பேசப்பட வேண்டியது. ‘தமிழ் அல்ல’ என்பது மொழியைப் பற்றிய தீர்ப்பு. மற்ற ஐந்தும் செயலைப் பற்றியவை. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றதும், தமிழ் டிரெய்லரின் கீழ் ஒருவர் மங்கிலீஷில், அதாவது ஆங்கில எழுத்து மலையாளத்தில், எழுதும் வசை, வசையாகப் பதிவாகும் வாய்ப்பையே இழக்கிறது. மலையாளக் கோப்பிலும் ‘மலையாளம் அல்ல’ என்று ஒரு பெட்டி, அதில் 1,287 வரிகள். எல்லையின் இரு பக்கமும் அடுத்த வீட்டு மொழிக்குக் கதவு சாத்தியிருக்கிறது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் வார இறுதியில் ஒருமுறை நடந்தவருக்கு, வண்டி ஓட்டுநரிலிருந்து விடுதிக்காரர்வரை இரண்டு மொழியிலும் மாறி மாறிப் பேசுவது தெரியும். அங்கே பிறந்த சண்டைக்கு இந்தச் சட்டகம் குருடு.

மலையாளக் கோப்பின் 16,010 வரிகளில் ‘வசை இல்லை’ 14,153. குழுவை நோக்கிய வசை வெறும் 140. வென்ற அணியின் மதிப்பெண் 0.97 ஆனதற்கு இந்தச் சாய்வே பெரிய காரணமாக இருக்க வேண்டும். 140 வரிகளிலிருந்து ஒரு மாநிலத்தார்மீதான வசையை எந்த நிரலும் கற்றுக்கொள்ள முடியாது. இந்த இடத்தில் முன்னோடிகளின் வாசிப்புக்கு உரிய இடம் தர வேண்டும்: இது பஞ்சமேதான். ஆனால் மொழியின் பஞ்சமா? இத்தரவுகளின் முக்கிய ஊற்று திரைப்பட டிரெய்லர்களின் பின்னூட்டங்கள். அங்கே திரள்பவர்கள் ரசிகர்கள். அங்கே ‘குழு’ என்று ஒருவர் குறியிட்டால் முதலில் மனதில் இருப்பது எதிர்த்தரப்பு நடிகரின் ரசிகர்மன்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோப்பில் இலக்கின் பெயர் பதிவாகாததால் இது அனுமானமே, நிறுவப்பட்டதல்ல. இருந்தும் அழுத்திச் சொல்லத் தக்க அனுமானம். சாதிப் பெயரால் திட்டியதும் ரசிகர்மன்றத்தைக் கிண்டல் செய்ததும் ஒரே பெட்டியில் விழும் வடிவத்தில், எத்தனை லட்சம் வரி சேர்த்தாலும் அந்த வேறுபாடு முளைக்காது.

சாதி இந்த வரலாற்றில் எப்போது நுழைகிறது? யூடியூப் 2019 ஜூனிலேயே தன் வெறுப்புப் பேச்சு விதியில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதே யூடியூபின் பின்னூட்டங்களிலிருந்து 2021இல் வந்த ஆறு லேபிள்களில் சாதி இல்லை. 2022 போட்டி வசையை விரித்துப் பிரித்தது. பெண் வெறுப்பு, ஆண் வெறுப்பு, தன்பாலீர்ப்பினர்மீதான வெறுப்பு, திருநர் வெறுப்பு, அயலார் வெறுப்பு, எதிர்ப்பேச்சு, நம்பிக்கைப் பேச்சு என்று நீண்ட பட்டியல். எதிர்ப்பேச்சு என்று ஒரு பெட்டி வந்தது பெரிய முன்னேற்றம். கமலின் பதிலுக்கு முதன்முறையாக ஓர் இடம். சாதி அப்போதும் இல்லை. 2024 மார்ச்சில், கொடைக்கானல் படத்தின் சண்டை சூடாக இருந்த அதே மாதத்தில், மால்டாவில் நடந்த பயிலரங்கில்தான் ‘சாதி, புலம்பெயர்வு வெறுப்புப் பேச்சு’ என்ற தமிழ்ப் போட்டியின் முடிவுகள் வந்தன. ஆகவே இயந்திரத் தமிழில் சாதி நுழைந்த ஆண்டு 2019ஆ, 2024ஆ? நிறுவன விதியைக் கொண்டால் முன்னது, பொதுத் தரவைக் கொண்டால் பின்னது. இடையிலுள்ள ஐந்தாண்டுகளில் விதி இருந்து கண் இல்லாத நிலை என்பதால், ஒரே ஆண்டைச் சுட்டுவது இங்கே சரியாகாது.

2024இன் போட்டியிலும் சாதியும் புலம்பெயர்வும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவியதை நினைத்தால் புலம்பெயர்வைச் சேர்த்தது விளங்குகிறது. ஆனால் மஞ்ஞும்மல் இளைஞர்கள் வேலை தேடி வந்தவர்கள் இல்லை; சில நாள் சுற்றுலாவுக்கு வந்து திரும்பும் அண்டை மாநிலத்தார்மீதான இழிசொல் இதற்குள்ளும் அடங்காது.

வேறு பாதையும் அதே காலத்தில் இருந்தது. டாட்டில் என்ற அமைப்பும் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையமும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ‘உளி’ என்ற உலாவிச் செருகி இந்தி, தமிழ், இந்திய ஆங்கிலம் மூன்றுக்குமானது. அதன் தமிழ்த் தரவு 7,914 ட்விட்டர் பதிவுகளே. கால்வே குழுவின் 44,000 தமிழ்ப் பின்னூட்டங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் குறியிட்டவர்கள் பெண்களும் பால்புதுமையினரும். இணைய வசையை அனுபவத்தால் அறிந்தவர்கள். கேட்ட கேள்வியும் வேறு. ஒடுக்கப்பட்ட பாலினத்தவர் ஒருவரை நோக்கி இது சொல்லப்பட்டால் வசையா, அப்படி நோக்காதபோதும் வசையா என்று தனித்தனியே கேட்டார்கள். கேட்பவர் யார் என்பது இங்கே தரவின் உள்ளேயே வந்துவிட்டது. வளக்குறைவு வாசிப்பின்படி இது பின்னடைவு. ‘பொறுக்கி’யைப் பிடிக்க வேண்டுமானால் இதுவே சரியான திசை. பாலினத்துக்குக் கேட்டதுபோல் சாதிக்கும் பிரதேசத்துக்கும் கேட்ட தொகுப்பு வர வேண்டும்.

பழைய கோப்புகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தமிழ்ப் பயிற்சிக் கோப்பின் ‘தமிழ் அல்ல’ பெட்டியில் 1,454 வரிகள், மலையாளக் கோப்பின் ‘மலையாளம் அல்ல’ பெட்டியில் 1,287, மொத்தம் 2,741. அவை பொதுவில்தான் இருக்கின்றன. பழனி மலையிலோ, கூடலூரிலோ, நாகர்கோவிலிலோ இரு மொழியும் வீட்டுமொழியாக உள்ள இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தால் சில வாரங்களில் மறுகுறியிட்டுவிடலாம். அந்த வரிகளில் எத்தனை வசை, எத்தனை மன்னிப்பு என்பது அப்போது தெரியும்.